அப்பாவின் படத்தை எடுத்துவிடுங்கள்

1

ஆக்லாந்தில் நான் வேலை பார்க்கும் பஸ் டெப்போவின் கதவுக்குச் சாவி கிடையாது. கதவோரத்தில் கறுப்பாக ஒரு கண்ணாடிச் சதுரம் இருக்கிறது. அதன் முன்னால் போய் நின்று மூஞ்சியைக் காட்டினால் பச்சை விளக்கு எரியும், கதவு திறக்கும். குளிர்காலத்தில் கம்பளிக் குல்லாயைப் புருவம் வரை இழுத்துவிட்டுக்கொண்டு போனால் திறக்காது. குல்லாயைக் கழற்றி, சாய்ந்தடிக்கிற மழையில் வழுக்கைத் தலையோடு நிற்க வேண்டும். அப்படி நிற்கும்போதெல்லாம் அந்தச் சதுரத்தைத் தமிழில் நாலு வார்த்தை வைதுவிட்டுத்தான் உள்ளே போகிறேன். அதற்குத் தமிழ் தெரியாது என்பது ஒரு வசதி.

போன சனிக்கிழமை மகள் மீனாவோடு கடைக்குப் போனேன். பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். பாலும் வெங்காயமும் வாங்க வேண்டும், அவ்வளவுதான். வெங்காயத்தைப் பொறுக்கிக்கொண்டிருக்கும்போது கடையின் மேலாளரம்மாள் ஒரு காவலாளியோடு வந்து, ரொம்பத் தணிந்த குரலில், "உங்களை இந்தக் கடைக்கு வரக்கூடாது என்று சொல்லியிருக்கிறது, தயவுசெய்து வெளியே போங்கள்," என்றார். வேறு யாரிடமோ சொல்கிறார் என்று நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். பின்னால் உருளைக்கிழங்குதான் இருந்தது.

வாசல் கேமரா என்னைப் பார்த்துவிட்டு, வேறொரு கிளையில் ஊழியரை மிரட்டிச் சாமானைத் தூக்கிக்கொண்டு போனவன் நான்தான் என்று சொல்லிவிட்டதாம். அவன் படத்தையும் காட்டினார்கள். நிறம், மீசை, வழுக்கை, இந்த மூன்றையும் விட்டால் எனக்கும் அவனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அவனுக்கு என்னைவிடப் பத்து வயது குறைவாக இருக்கும். அன்றைக்கு எனக்குக் கிடைத்த ஆறுதல் அது ஒன்றுதான்.

இத்தனை வருஷம் இங்கே இருந்தும், கோபம் வந்தால் எனக்கு இங்கிலீஷ் ஓடிப்போய்விடும். வாயில் வந்ததெல்லாம் தென்காசி பஸ் ஸ்டாண்டுத் தமிழ். அதை அங்கே சொல்ல முடியாது. மீனாதான் எனக்காகப் பேசினாள். கடைசியில் மன்னிப்புக் கேட்டு ஒரு பரிசு அட்டையை நீட்டினார்கள். வாங்கலாமா என்று நான் யோசிப்பதற்குள் அவள் என் கையைப் பிடித்து வெளியே இழுத்துவந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு மனு எழுதினாள். கடைகளில் முகம் பார்க்கும் கேமராக்களை எடுக்க வேண்டும் என்று. தெருவில் இருப்பவர்களிடமெல்லாம் கையெழுத்து வாங்கப் போகிறாளாம்.

"முதல் கையெழுத்து நீங்கதான்பா."

"சாப்பிட்டுட்டுப் போடுதேன்," என்றேன்.

நாலு நாளாக அந்தத் தாள் சாப்பாட்டு மேஜையில் உப்பு டப்பாவுக்கு அடியில் கிடக்கிறது. அவள் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. அவமானப்பட்டவன் நான், எனக்கல்லவா முதலில் ஆத்திரம் வர வேண்டும் என்கிறாள். வந்தது, வரவில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் இது ஆனி மாதம். போன ஆனியில்தான் அப்பா குற்றாலத்தில் காணாமல் போனார். அவரைக் கண்டுபிடித்துக் கொடுத்ததும் முகம் பார்க்கிற இதே சாமான்தான்.

2

அப்பா போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். கடைசியில் பல வருஷம் புளியறை செக்போஸ்டில், கேரளாவுக்குப் போகிற லாரிகளை நிறுத்திச் சோதிக்கிற வேலை. இன்றும் தென்காசியில் அவருக்குப் பெயர் 'ஏட்டையா'தான். ஒரு தடவை பார்த்த முகத்தை மறக்க மாட்டார் என்று பெயர் எடுத்தவர். சின்ன வயதில் அவரோடு ரத வீதியில் நடப்பது எனக்குப் பெரிய தொல்லை. "அந்தா போதான் பாரு, சொரண்டையில சைக்கிளத் தூக்குனவன்," என்று பாதி வழியில் நின்றுவிடுவார். "குடும்பத்தோட வந்தா குடும்பத்தப் பாருங்க," என்று அம்மா பல்லைக் கடிப்பாள்.

அம்மா போனபிறகு அவர் இருப்பது அக்கா கோமதி வீட்டில். ரெண்டு வருஷமாகச் சின்னச் சின்ன மறதி. குடித்த காப்பியை மறுபடி கேட்பார். செத்துப்போன கூட்டாளியை ஊருக்கு வந்தானா என்று விசாரிப்பார். திருநெல்வேலி டாக்டர், ஆரம்பக் கட்டம்தான் என்றார். எதன் ஆரம்பம் என்று அக்காவும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

மறதி என்றால் ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்திருப்பார் என்று நினைத்துவிடாதீர்கள். காலையில் குளித்து, வேட்டியை மடிப்புக் கலையாமல் கட்டி, தனியாக நடந்து கோயில் வாசல் வரை போய், ஒரு டீயைக் குடித்து, பேப்பரைப் பார்த்து, வீடு திரும்புவார். அந்த நடைதான் அவருக்கு எல்லாம். மழை பெய்தாலும் போவார்.

போன ஆனியில் நல்ல சாரல். கூட்டம் இல்லாத நாளாகப் பார்த்து, அக்கா அவரைக் குற்றாலத்துக்குக் கூட்டிப் போயிருக்கிறாள். அங்கே எப்படிக் குளிப்போம் என்று உங்களுக்குத் தெரியும். கரையில் ஒருத்தர் பையோடு உட்கார வேண்டும், மற்றவர் எல்லாவற்றையும் கழற்றி அவரிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். அப்பாவும் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு, சட்டை, மூக்குக்கண்ணாடி, போன், ஆதார் அட்டை வைத்த பர்ஸ் எல்லாவற்றையும் அக்கா மடியில் போட்டு, "ஏட்டி, பையப் பாத்துக்கோ," என்று சொல்லிவிட்டு அருவிக்குள் போயிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் கூடிவிட்டது. போலீஸ் விசிலடித்து எல்லோரையும் வெளியேற்றினார்கள். குளித்தவர்கள் எல்லாம் வந்தார்கள், அப்பா வரவில்லை.

எனக்கு இங்கே வேலை முடிகிற நேரம். போன் வந்தது.

"ஏலே தம்பி, அப்பாவக் காணும்லே."

நான் உடனே ஆரம்பித்தேன். கழிப்பறையில் பார்த்தியா, பஸ் ஸ்டாப்பில் பார்த்தியா, ஐந்தருவி ரோட்டில் பார்த்தியா?

"நீ அங்கன உக்காந்துக்கிட்டு எனக்கு வழி சொல்லாதலே!" என்று கத்தினாள். அப்புறம் அழுதாள். "யாருன்னு கேட்டா சொல்லதுக்குக்கூட அவுககிட்ட ஒன்னுமே இல்லலே. அப்பாவ அப்பான்னு காட்டுத எல்லாமே என் மடியிலல்லா கெடக்கு."

தண்ணீர் கூடின அருவி. எனக்கு அதைத் தவிர வேறு நினைப்பே ஓடவில்லை. டெப்போ வாசலில் நின்றுகொண்டு, போனை ரெண்டு தடவை கீழே போட்டேன்.

3

அக்கா அழுதுகொண்டே அங்கிருந்த அவுட்போஸ்டுக்குப் போயிருக்கிறாள். சப்-இன்ஸ்பெக்டர் ஒரு பெண், முப்பது வயதுகூட இருக்காது. "அழாதீங்கக்கா. போட்டோ இருக்கா?" என்று கேட்டிருக்கிறார். ஒரு கல்யாண வீட்டில் எடுத்த படம் இருந்தது. அதை அவர் தன் போனில் வாங்கி, போலீஸ் செயலியில் காணாமல் போனவர் என்று ஏற்றிவிட்டார். இனி மாவட்டத்தில் எந்தப் போலீஸ்காரர் சந்தேகப்பட்டு ஒரு முகத்தைப் படம் எடுத்தாலும், அது இந்தப் படத்தோடு ஒத்துப் பார்த்துச் சொல்லிவிடும்.

அப்பாவோ அந்த நேரம் புளியறையில் டூட்டி பார்த்துக்கொண்டிருந்தார்.

அருவிக்கரையில் கேட்ட விசில்தான் காரணம் என்று நினைக்கிறோம். அது காதில் விழுந்ததும், டூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று நேராக ரோட்டுக்கு வந்து செங்கோட்டை பஸ்ஸில் ஏறிவிட்டார். சீசனில் சட்டையில்லாமல் ஈரத்தோடு பஸ் ஏறுகிறவரை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. கண்டக்டர் டிக்கெட் கேட்டதற்கு ஒரே வார்த்தை, "ஸ்டாஃப்." எங்கள் பக்கத்துப் போலீஸ்காரர்கள் பஸ்ஸில் சொல்கிற மந்திரம் அது. செங்கோட்டையில் இறங்கி, அடுத்த பஸ்ஸிலும் அதையே சொல்லியிருக்கிறார். ஈர வேட்டியும் எண்ணெய்த் தலையுமாக ஒரு கிழவர் ஸ்டாஃப் என்று சொன்னால் எப்படிய்யா நம்பினாய் என்று அக்கா பிறகு அந்தக் கண்டக்டரைப் பிடித்துக் கேட்டாள். "சொன்ன சத்தம் போலீஸ் சத்தந்தான்க்கா. மறுபடி கேக்க எனக்குத் தைரியம் வரல," என்றாராம்.

புளியறையில் இறங்கியவர், ஒரு வைக்கோல் லாரிக்கு முன்னால் போய் நின்று கையைக் காட்டியிருக்கிறார். "ஓரங்கட்டு. ரெக்கார்ட எடு." அந்த டிரைவரும் லாரியை ஓரங்கட்டி, பேப்பரோடு இறங்கி வந்து நின்றிருக்கிறார். அங்கே டூட்டியில் இருந்த கான்ஸ்டபிள் ஓடிவந்து, பெரியவர் யார் என்று கேட்டால், "நீ யாருலே புதுசா?" என்று அப்பா அவரை அதட்டியிருக்கிறார். இருந்தவர்கள் எல்லோரும் புது ஆட்கள். அப்பாவைத் தெரிந்தவர் அங்கே ஒருத்தர்கூட இல்லை. அந்தக் கான்ஸ்டபிள் போனை எடுத்து அப்பாவின் முகத்தைப் படம் எடுத்தார். கல்யாண வீட்டுப் படமும் அக்காவின் நம்பரும் வந்து நின்றன.

"கெடச்சிட்டாவலே," என்று அக்கா சொன்னபோது நான் டெப்போ கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அடுத்த லாரி பிரேக் பிடிக்காமல் வந்திருந்தால்? யாராவது பாவம் பார்த்துக் கேரளா வண்டியில் ஏற்றிவிட்டிருந்தால்? இன்றும் ராத்திரிச் சோற்றில் கை வைக்கும்போது இந்த நினைப்பு வரும். அந்தச் சாமானை நான் கும்பிட்டேன் என்று சொன்னால் அது பொய்யில்லை.

4

படத்தை ஏற்றினார்களே, இறக்கவில்லை.

முதல் தடவை நடந்தபோது நாங்கள் சிரித்தோம். அப்பா வழக்கம்போலக் காலையில் நடந்து போயிருக்கிறார். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு புது கான்ஸ்டபிள் போகிற வருகிறவர்களைப் படம் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா முகத்துக்கு மணி அடித்துவிட்டது. காணாமல் போனவர். "வாங்க பெரியவரே, உக்காருங்க, உங்க மக வருவாங்க," என்று பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள். நான் காணாமப் போகலய்யா, டீ குடிக்கப் போறேன் என்று அப்பா சொன்னதை அவர்கள் கேட்கவில்லை. காணாமல் போனவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள் போல. அக்கா தான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் அரை நாள் லீவு போட்டு ஓடினாள்.

ரெண்டாம் தடவை நாங்கள் சிரிக்கவில்லை. மூன்றாம் தடவை, அப்பா பெஞ்சில் உட்கார்ந்திருப்பதை அவர் காலத்தில் உள்ளே தள்ளின ஒருவன் பார்த்துவிட்டு, "என்ன ஏட்டையா, உங்களையும் புடிச்சிட்டானுவளா?" என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறான்.

அதோடு அப்பா நடையை நிறுத்திவிட்டார்.

"வெளியவே வரமாட்டேங்காவ," என்றாள் அக்கா. "காலைல வேட்டியக் கட்டுதாவ, வாசல் வரைக்கும் வாராவ, திரும்பி வந்து படுத்துக்கிடுதாவ. நேத்து என் பேரையே மாத்திக் கூப்பிட்டாவ."

டாக்டர், நடை நிற்கக்கூடாது, நின்றால் மறதி வேகமாகும் என்று முதலிலேயே எச்சரித்திருந்தார். படத்தை எடுக்கச் சொல்லி அக்கா ஸ்டேஷனுக்குப் போனாள். கேஸ் முடிஞ்சிட்டும்மா, படம் இங்க இல்ல, மேலிடத்துக்கு எழுதிக் கேக்கணும் என்றார்கள். எழுதினாள். எந்த மேலிடம் என்று எழுதவில்லை என்று திரும்பி வந்தது.

உண்மையைச் சொன்னால், எடுப்பதில் எனக்கே இஷ்டமில்லை. "இருக்கட்டும்க்கா. இன்னொரு தடவ அப்படிப் போயிட்டாவன்னா?" என்றேன். அக்காவுக்கும் அந்தப் பயம் இருந்தது. ரெண்டு பேரும் போனில் தினமும் இதையே பேசிக்கொண்டிருந்தோம். பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்த மீனா ஒரு நாள் தலையைத் தூக்கி, "தாத்தாவுக்கு ஓகேயான்னு கேட்டீங்களா?" என்றாள்.

அவள் தாத்தாவோடு வீடியோவில் பேசினால் ரெண்டு நிமிஷத்துக்கு மேல் ஓடாது. சாப்பிட்டீங்களா, நல்லா இருக்கீங்களா, அவ்வளவுதான் அவரிடம் அவளுக்கு வருகிற தமிழ். ஆனால் எங்கள் ரெண்டு பேருக்கும் தோன்றாத கேள்வி அவளுக்குத் தோன்றியது. எனக்குச் சுருக்கென்று ஆகிவிட்டது.

5

தை மாதம் ஊருக்குப் போனேன். அப்பா இளைத்திருந்தார். வந்த மறுநாளே கேட்டேன். "அப்பா, அந்தப் படம் அங்க இருந்தா உங்களுக்குப் பாதுகாப்புல்லா? எடுத்துரணுமா, இருக்கட்டுமா?"

"எடுக்கணும்."

"மறுபடி எங்கயாவது போயிட்டீங்கன்னா?"

"போயிட்டா தேடு. அதுக்குத்தான மகன்." ஆக்லாந்திலிருந்து எப்படித் தேடுவது என்று மட்டும் அவர் சொல்லவில்லை.

ரெண்டு பேரும் ஸ்டேஷனுக்குப் போனோம். குற்றாலத்தில் படத்தை ஏற்றிய அதே சப்-இன்ஸ்பெக்டரம்மா இப்போது தென்காசியில் இருந்தார். எழுந்து நின்று அப்பாவுக்கு சல்யூட் அடித்து, "உக்காருங்க ஏட்டையா," என்றார். அப்பாவின் முதுகு பல மாசத்துக்குப் பிறகு நிமிர்ந்ததாக எனக்குப் பட்டது.

அந்தம்மா எங்களிடம் மறைக்காமல் பேசினார். "எடுக்க வைக்கலாம். நான் நேர்ல பேசுறேன். ஆனா ஒன்னு யோசிங்க. அன்னைக்கு நம்ம ஆளுங்க யாருக்கும் உங்களத் தெரியல. மெஷினுக்குத்தான் தெரிஞ்சுது. எடுத்துட்டு, நாளைக்கு ஒன்னுன்னா, புதுசா ஏத்தி, எல்லாம் முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். அந்தக் கொஞ்ச நேரத்துல என்ன வேணா ஆகும்."

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் டூட்டி பாக்கும்போ இந்த மாதிரி செவுத்துல ஒரு போர்டு இருக்கும்மா. கேடிப் பயலுவ படமா ஒட்டியிருக்கும். அதுல மாடசாமின்னு ஒருத்தன். சின்ன வயசுல ரெண்டு தேங்கா தோப்புல கைய வச்சான், உள்ள போனான், வந்தான். அதுக்கப்புறம் கல்யாணம் பண்ணி, புளியறை ரோட்டுல கடை போட்டு, ஒழுங்கா இருந்தான். ஆனா எங்க எது காணாமப் போனாலும் முதல்ல அவனத்தான் தூக்கிட்டு வருவோம். படம் இருக்குல்லா? நானே தூக்கியிருக்கேன். அவன் பொண்டாட்டி வாசல்ல நின்னு, அந்தப் படத்த எடுத்துருங்க சாமின்னு கேப்பா. எடுத்துரலாமான்னு நான் இன்ஸ்பெக்டர்ட்ட கேட்டேன். ஆர்டர் எங்க ஏட்டுன்னாரு. ஒட்டுததுக்கு ஆர்டர் வரும்மா. கிழிக்கதுக்கு எவனும் ஆர்டர் போடமாட்டான். அவன் செத்ததுக்கப்புறமும் அந்தப் போர்டுல தொங்கிக்கிட்டேதான் இருந்தான்."

சாட்சி சொல்கிற மாதிரி சொன்னார்.

"வழி தவறிச் செத்தா செத்துட்டுப் போறேன். அந்த பெஞ்சில மறுபடி உக்கார மாட்டேன்."

அந்தம்மா ஒரு வெள்ளைத் தாளை என்னிடம் தள்ளினார். எழுதினேன். எழுதும்போது எனக்குச் சந்தோஷமாக இல்லை. கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தபோது அப்பா அந்தம்மாவிடம் குனிந்து சொல்லிக்கொண்டிருந்தார்.

"அந்த எடம் காலியாத்தான இருக்கும்? அதுல இவன் படத்தப் போடுங்க. காணாமப் போனவன் இவன்தான். போயி இருவது வருஷமாச்சு."

ஸ்டேஷனே சிரித்தது. நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய?

நான் ஆக்லாந்துக்குத் திரும்பி வருவதற்குள் படத்தை எடுத்துவிட்டார்கள். அந்தம்மாவே போன் செய்து சொன்னார்.

6

மீனாவின் மனுவில் ஐந்தாம் நாளான இன்று காலை கையெழுத்துப் போட்டேன். ஒரு வரியை மட்டும் மாற்றச் சொன்னேன். கேமராவையே எடு என்று எழுதியிருந்ததை, முகத்தை ஏற்றுகிறவர்கள் அதை எப்போது, யார் இறக்குவார்கள் என்பதையும் வாசலில் எழுதி வைக்க வேண்டும், அது முடியாதென்றால் எடு, என்று. இது பாதி மனுதான் என்றாள். பாதிதான், என்னால் அவ்வளவுதான் முடியும் என்றேன். அவளுக்குப் புளியறையைத் தெரியாது, அந்த லாரிகளையும் தெரியாது.

ஸ்டேஷனிலிருந்து வெளியே வந்தபிறகு நடந்ததை அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

வாசலில் அப்பா, "நீ ஆட்டோவுல போ. நான் நடந்து வாரேன்," என்றார். மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? அதற்குத்தானே இவ்வளவு நேரம் எழுதிக் கொடுத்தேன். ஆட்டோவில் ஏறினேன். முதல் திருப்பத்திலேயே இறங்கி, அவர் பின்னால் நடந்தேன். பழவண்டிக்குப் பின்னால், போன் கடை போர்டுக்குப் பின்னால் என்று, ஐம்பது வயதில் ஒளிந்து ஒளிந்து நடந்தேன்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் கேமரா மாட்டிய கம்பத்தை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார். மூக்குக்கண்ணாடியைச் சரி செய்துகொண்டார். ஒரு முக்கில் நின்றுவிட்டார். இடதா வலதா என்று தெரியாமல் நிற்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. ஓடிப்போய்க் கையைப் பிடிக்க வேண்டும் போலத் துடித்தது. பிடிக்கவில்லை. வலது பக்கம் திரும்பினார். அதுதான் வழி. கோபுரத்துக்கு எதிரே எப்போதும் அடிக்கிற காற்றில் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நடந்து, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார்.

"ரெண்டு டீ," என்றார், திரும்பிப் பார்க்காமலே. "ஒன்னு எனக்கு. இன்னொன்னு, அந்தச் செருப்புக்கடை போர்டுக்குப் பின்னால ஒருத்தன் நிக்கான் பாரு, அவனுக்கு. ஸ்டேஷன்லருந்து பின்னாலயே வாரான். மப்டியில வாரவன் இப்படியா வருவான்?"

கடையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். நான் அசடு வழிய வந்து எதிரே நின்றேன். அப்பா சிரிக்கவில்லை. டீயை என் கையில் கொடுத்துவிட்டு, ரத வீதியில் சைக்கிள் திருடனைப் பார்ப்பாரே, அதே மாதிரி என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எங்கயோ பாத்த முகமா இருக்கே. எந்த ஊரு?"

அப்பா கேலி செய்யும்போது முகத்தில் ஒன்றும் தெரியாது. சின்ன வயதிலிருந்தே எனக்கு அதைக் கண்டுபிடிக்க வராது. அன்றைக்கும் வரவில்லை.

"இந்த ஊருதான்," என்றேன்.

"அப்பம் சரி. உக்காரு," என்று நகர்ந்து இடம் விட்டார்.